எந்தக் கடலை என்று கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் என் ஒவ்வாமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1975 நவராத்திரி. எனக்கு 11 வயது. திருவல்லிக்கேணியில் எதிர்வீட்டுக் கொலுவில் ஒரு பிடி கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டேன். தெருவைக் கடந்து வீட்டுத் திண்ணையில் உட்காருவதற்குள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. பாட்டி ‘காணாக்கடி’ என்றாள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். சுண்டலை யாரும் சந்தேகிக்கவில்லை. அது பிரசாதம் அல்லவா? கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கடலை மாவு எல்லாமே ஒரே பயறு, எல்லாமே எனக்கு ஆபத்து என்று பரிசோதனையில் உறுதியானபோது எனக்கு 38 வயது. இடைப்பட்ட 27 ஆண்டுகளும் சொந்தக்காரர்கள் பார்வையில் நான் ‘பிகு பண்ணுகிற பெண்’.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் ‘எனக்கும் அப்படித்தான், யாரும் நம்பவில்லை’ என்றுதான் தொடங்குகின்றன. நான் மருத்துவர் அல்ல. 32 ஆண்டுகள் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். கீழே உள்ள மருத்துவச் செய்திகளை எனக்குச் சிகிச்சை அளிக்கும் ஒவ்வாமை மருத்துவரிடம் படித்துக் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுத்தேன்.

கேள்வி: டீச்சர், எனக்குத் திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. எள் பட்டால் தோல் தடிக்கும், சாப்பிட்டால் தொண்டை அடைக்கும். ‘நல்லெண்ணெய் சேராத உடம்பும் உண்டா?’ என்று மாமியார் கேட்கிறார். தீபாவளி அன்று விடியற்காலையில், ‘சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டு’ என்று உச்சந்தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். காதோரமும் கழுத்தும் தடித்து, ஒரு கண் மூடிக்கொண்டது. நல்ல நாளில் அழுதேன் என்று அதற்கும் பேச்சு. அவர் கெட்டவர் அல்ல. எப்படிப் புரியவைப்பது? – பெரம்பூர் வாசகி

பதில்: ‘அவர் கெட்டவர் அல்ல’ என்று எழுதியிருக்கிறாயே மகளே, அந்த வரிக்காகத்தான் உன் கடிதத்தை முதலில் எடுத்தேன். என் பெரியம்மாவும் கெட்டவள் அல்ல. 1989-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேங்காய்ச் சட்னியில் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலையை அரைத்துவிட்டு ‘வெறும் தேங்காய்தான்’ என்று சொல்லிப் பரிமாறினாள். எனக்கு இருப்பது பயமா நோயா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு. பயம் என்றால் போக்கிவிடலாம் என்று நினைத்தாள். இரண்டாவது இட்லி முடிவதற்குள் என் குரல் கம்மிப்போனது. அவள் கையில் இருந்த பித்தளைக் கரண்டியும், அதன் நுனியிலிருந்து தரையில் சொட்டிய சட்னியும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. ஆட்டோவில் போகும் வழியெல்லாம் ‘ஒரு ஸ்பூன்தானே போட்டேன், ஒரு ஸ்பூன்தானே’ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று பிழைத்தேன். அதன்பின் அவள் இருந்தவரை, கல்யாண வீட்டில்கூட என் இலைக்கு வரும் ஒவ்வொன்றையும் அவளே விசாரித்துவிட்டுத்தான் போடச் சொன்னாள். ஆனால் ஒரு மனிதரை நம்பவைப்பதற்கு நீ உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

உன் மாமியாரை மருத்துவரிடம் உன்னோடு அழைத்துக்கொண்டு போ. கணவரும் வரட்டும். ஊசிக்குத்துப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. முன்கையில் எள்ளின் சத்தை ஒரு துளி வைத்து, அதன் மேல் மெல்லக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்துக்குள், ஒவ்வாமை இருந்தால் அந்த இடம் கொசுக்கடி போல எழும்பும். பக்கத்தில் வெறும் உப்புநீர் வைத்த இடம் அப்படியே இருக்கும். எழும்பியதை அளவுகோல் வைத்து அளந்து எழுதுவார்கள். எத்தனை சொன்னாலும் ஏறாதது, கண்ணெதிரில் தோல் எழும்புவதைப் பார்த்தால் ஏறும். என் கணவருக்கு அப்படித்தான் ஏறியது. பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அரிப்பு மாத்திரைகளை நிறுத்தவேண்டும். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள். சில சமயம் அந்த உணவையே துளித்துளியாகக் கொடுத்தும் சோதிப்பார்கள். அது மருத்துவமனையில், ஊசியும் பிராணவாயுவும் பக்கத்தில் இருக்க, மருத்துவர் கண் முன்னால் நடப்பது. சமையலறையில் யாரும் அதைச் செய்யக்கூடாது.

ஒரு சொட்டு எப்படி இவ்வளவு செய்யும் என்று அவர் கேட்பார். நம் நல்லெண்ணெய் ஆட்டி எடுப்பது. சுத்திகரித்த எண்ணெய்களில் புரதம் பெரும்பாலும் போய்விடும். இதில் எள்ளின் புரதம் தங்கியிருக்கிறது. உன் உடம்பு எதிர்ப்பது அந்தப் புரதத்தைத்தான். எண்ணெய்க் குளியல்தான் முக்கியம் என்றால் தேங்காய் எண்ணெயில் அவர் கையாலேயே தேய்த்துவிடட்டும். அந்தத் தொடுகையை நீ மறுக்கிறாய் என்பதுதான் அவருக்கு வலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று சொல்கிறேன், தமிழ் வாத்தியார் புத்தி என்று வைத்துக்கொள். ‘எனக்கு எள் சேராது’ என்று சொல்லாதே. இந்த ஊரில் ராத்திரித் தயிர் ஒருவருக்குச் சேராது, கத்தரிக்காய் ஒருவருக்குச் சேராது, மாமனார் வீட்டுத் தண்ணீர்கூடச் சிலருக்குச் சேராது. அத்தனையும் ஒரே சொல்லில் அடங்குவதால் உன் சொல்லும் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ‘எள் சாப்பிட்டால் எனக்கு மூச்சு அடைக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருக்கும்’ என்று முழு வாக்கியமாகச் சொல். அலர்ஜி என்ற சொல்லுக்கே 1906-இல்தான் வயது தொடங்குகிறது, வியன்னாவில் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் உண்டாக்கியது. நம் காணாக்கடி அதற்கும் மூத்த சொல். என்ன கடித்தது என்று காணமுடியாத தடிப்பு. அந்தப் பெயர் வைத்தவர்கள் தடிப்பை நம்பியிருக்கிறார்கள், காரணம்தான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் எள் ஒளிந்திருக்கும் இடங்களை மாமியாரிடமே கேட்டு எழுதிக்கொள். உன்னைவிட அவருக்குத்தான் தெரியும். தோசை மிளகாய்ப் பொடி, முறுக்கு, புளியோதரைப் பொடி, ஊறுகாய், புரட்டாசிச் சனிக்கிழமை எள் சாதம், திதியன்று தர்ப்பணத் தட்டு. கடைப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதே. நம் நாட்டின் 2020 விதிகளில் ஒவ்வாமைப் பொருள் என்று தனியாகக் குறிப்பிடவேண்டிய எட்டு வகைகளில் பால், முட்டை, வேர்க்கடலை, சோயா எல்லாம் இருக்கின்றன. எள் இல்லை, கடுகு இல்லை, என் கொண்டைக்கடலையும் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளைச் சேர்த்துவிட்டார்கள். எள்ளிலேயே சமைக்கிற நமக்கு அது எவ்வளவு அவசியம் என்று யோசித்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆகவே சேர்மானப் பட்டியலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படி.

தொண்டை அடைப்பு வந்திருக்கிறது என்கிறாய். மறுபடி வந்தால் அரிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்காதே. அந்த நேரத்தில் உயிர் காப்பது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. மாத்திரை தடிப்பைத்தான் குறைக்கும், மூச்சடைப்பையும் ரத்த அழுத்தம் விழுவதையும் தடுக்காது. ஊசியை எப்போது, எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டில் இரண்டு பேராவது பழகிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் உன் மாமியாராக இருக்கட்டும்.

கேள்வி: எனக்குக் குளிர்பட்டால் உடம்பு தடிக்கிறது. அலுவலகத்தில் ஏசிக் காற்று நேராக விழும் இடத்தில் என் இருக்கை. கையும் கழுத்தும் பட்டை பட்டையாக வீங்குகின்றன. இடம் மாற்றிக் கேட்டால், ‘சென்னையில் இருந்துகொண்டு குளிர் அலர்ஜியா?’ என்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். என் மனப்பிரமையோ என்று எனக்கே சந்தேகம். – வேளச்சேரி வாசகர், 26

பதில்: பிரமை இல்லை தம்பி. குளிரால் வரும் தடிப்புக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பது இந்த நோயில் வழக்கம்தான். இதற்கான சோதனை மிக எளிது. மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டியை வைத்து முன்கையில் ஐந்து நிமிடம் வைப்பார்கள். எடுத்த பிறகு, தோல் மறுபடி சூடேறும்போது, பத்து நிமிடத்துக்குள் ஐஸ் இருந்த வடிவத்திலேயே வீக்கம் எழும்பும். தோல் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். அதை ஒரு புகைப்படம் எடுத்து மருத்துவர் கடிதத்தோடு அலுவலகத்தில் கொடுங்கள்.

சென்னையில் குளிர் எங்கே என்று கேட்பவர்களுக்கு நீங்கள் ஒரு பட்டியல் கொடுக்கலாம். வெளியே 40 டிகிரி வெயிலிலிருந்து உள்ளே 20 டிகிரி ஏசிக்குள் நுழைவது, வியர்த்த சட்டையோடு மின்விசிறிக்குக் கீழே நிற்பது, ஐப்பசி மழையில் நனைந்தபடி பைக் ஓட்டுவது, மார்கழிக் காலையில் மேல்தொட்டித் தண்ணீர். இந்த ஊரில் குளிர் காலண்டரில் வருவதில்லை, ஒரு நாளுக்குள்ளேயே பத்துத் தடவை வந்து போகிறது.

ஆனால் ஏசியைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நீச்சல் குளத்தில் குதிக்காதீர்கள். உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பலாம். ஐஸ் போட்ட ஜூஸை மடமடவென்று குடித்தால் தொண்டை வீங்கலாம். என்றைக்காவது அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அங்கே அறையும் குளிரும், ஏற்றும் திரவமும் குளிரும். தூக்கக் கலக்கம் தராத ஒவ்வாமை மாத்திரைகள் பலருக்கு நன்றாகவே கேட்கின்றன. அளவை மருத்துவர் முடிவுசெய்வார்.

கேள்வி: காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டும். இதுவரை மூன்று முறை மைதானத்தில் விழுந்துவிட்டேன். முதலில் உள்ளங்கை அரிக்கும், பிறகு முகம் வீங்கும், வாந்தி வரும், கண் இருட்டும். மூன்று தடவையும் மாலையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனேன். அதே பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தால் ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் எவ்வளவு ஓடினாலும் ஒன்றுமில்லை. ‘ஓடப் பயந்து நடிக்கிறான்’ என்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். – ஆவடி வாசகர், 22

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு மருத்துவருக்குப் போன் செய்தேன். நீங்கள் எழுதியிருப்பது அவ்வளவு தெளிவாக இருக்கிறது. சாப்பாடு மட்டும் என்றால் ஒன்றுமில்லை, ஓட்டம் மட்டும் என்றால் ஒன்றுமில்லை, இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இப்படி ஒரு ஒவ்வாமை உண்டு. சிப்பி வகைக் கடலுணவு சாப்பிட்டுவிட்டு ஓடிய ஒருவருக்கு வந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 1979-இல் எழுதிவைத்தார்கள். பிறகு பல உணவுகளுக்கும் இது தெரியவந்தது. அவற்றில் நன்றாக ஆராயப்பட்டது கோதுமை. கோதுமையில் ஒமேகா-5 கிளையடின் என்று ஒரு புரதம். அதற்கு எதிரான பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். உங்களுக்கு இருப்பது இதுதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்காமல் இனி ஓடாதீர்கள். சொந்தச் செலவில் முடியாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவிலோ மார்பு நோய்ப் பிரிவிலோ தொடங்குங்கள். உங்களுக்கு ஆவடியிலிருந்து மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலுக்கு எதிரிலேயே பொது மருத்துவமனை.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாலைகளையும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கினீர்கள், எத்தனையாவது சுற்றில் உள்ளங்கை அரித்தது, அன்று கால்வலிக்கு ஏதாவது மாத்திரை போட்டிருந்தீர்களா. கடைசிக் கேள்வி முக்கியம். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இந்த ஒவ்வாமையைத் தூண்டிவிடும். பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் வலி மாத்திரையை மிட்டாய் போலப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுத்தால், நீங்கள் அரை மணி நேரம் பேசுவதைவிட அது அதிகம் பேசும்.

இந்த நோய் உறுதியானால், கோதுமை சாப்பிட்டபின் குறைந்தது நான்கு மணி நேரம் ஓட்டம், உடற்பயிற்சி எதுவும் கூடாது என்பார்கள். சிலருக்கு இன்னும் கூடுதலாகச் சொல்வார்கள், சிலருக்குக் கோதுமையே வேண்டாம் என்பார்கள். அப்போது உங்களுக்கு நம் ஊர்ச் சொற்களே பொறி வைக்கும். ‘கோதுமை வேண்டாம்’ என்றால் ரவா உப்புமா கொண்டுவந்து வைப்பார்கள். ரவை கோதுமை. மைதா கோதுமை. சேமியா பெரும்பாலும் கோதுமை. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம், டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். ஓட்டத்துக்கு முன் இட்லி நல்லது, கூடவே வரும் சாம்பாரை யோசித்துத் தொடுங்கள்.

தனியாக ஓடவேண்டாம். உள்ளங்கை அரித்த அந்த நொடியே நின்றுவிடுங்கள், ‘இந்தச் சுற்றை முடித்துவிடுகிறேன்’ என்று நினைக்காதீர்கள். மயக்கம் வந்தால் நண்பர்கள் உங்களைத் தூக்கி நிறுத்தக்கூடாது. படுக்கவைத்து, காலை உயர்த்தி, 108-ஐ அழைக்கவேண்டும். மூச்சு மிகவும் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். திடீரென்று எழுந்து நிற்பதே சிலருக்கு உயிரை வாங்கியிருக்கிறது.

உங்கள் பயிற்சியாளருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஐயா, உங்களிடமும் ஒரு வார்த்தை. ஓடப் பயப்படுகிறவன் மூன்றாவது முறையும் மைதானத்துக்கு வந்திருக்கமாட்டான்.

கேள்வி: தண்ணீருக்கே அலர்ஜி வருமா? குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் உடம்பு அரிக்கிறது. – மயிலாப்பூர் வாசகி, 54

பதில்: வரும். 1964-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஆனால் உலகம் முழுக்கத் தேடினாலும் மிக மிகச் சிலருக்கே வந்திருக்கிறது. அதில் சிறு சிறு தடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். உங்களுக்குத் தடிப்பு வருகிறதா, வெறும் அரிப்பா என்று எழுதவில்லை. வெறும் அரிப்பு என்றால் முதலில் வறண்ட தோலையும், சோப்பையும், குளிக்கும் வெந்நீரின் சூட்டையும் சந்தேகியுங்கள். லாரித் தண்ணீருக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கும் மாறி மாறிக் குளிக்கும் வீடுகளில் தோல் வறள்வது சாதாரணம். குளித்து முடித்த ஈரத்திலேயே தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் ஒரு நோயிலும் குளித்தபின் அரிப்பு வருவது உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும் விஷயம்.

கேள்வி: ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் அரித்து அரித்து இப்போது வெள்ளையாகிவிட்டது. பொட்டு வைக்காமல் போனால் ஊர் வாய். – வியாசர்பாடி வாசகி

பதில்: பொட்டை இன்றே நிறுத்திவிடுங்கள் அம்மா. சில பொட்டுகளின் பசையில் சேரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற ரசாயனம், தோலுக்கு நிறம் தரும் அணுக்களையே அழித்துவிடும். கடைக் குங்குமத்திலும் சாயம் கலப்பது உண்டு, ஆகவே அதையும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கவேண்டாம். தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்வார். சந்தேகப் பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது. சித்திரை வெயிலில் வியர்வையிலேயே பட்டை கழன்றுவிடும். ஆகவே மார்கழி, தையில் நாள் கேளுங்கள். ஊர் வாய் பற்றி: என் மாணவி ஒருத்தி நெற்றியைக் காட்டி ‘புண், மருத்துவர் வேண்டாம் என்றார்’ என்று நான்கே சொல்லில் முடித்துவிடுவாள். யாரும் மேலே கேட்பதில்லை.

கேள்வி: என் பேரனுக்கு 6 வயது. மருமகள் ஏதோ பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுத்து, 40 உணவுகள் ஆகாது என்று அறிக்கை வாங்கிவந்திருக்கிறாள். பால், அரிசி, வாழைப்பழம், துவரம்பருப்பு எல்லாம் நிறுத்தம். பிள்ளை மெலிந்துவிட்டான். நீங்கள் எல்லாரையும் நம்பச் சொல்கிறீர்கள். இதையும் நம்ப வேண்டுமா? – அண்ணா நகர் வாசகர், 67

பதில்: இந்தக் கேள்விக்காக நன்றி ஐயா. ஒருவர் படும் அவஸ்தையை நம்பவேண்டும், அதற்குச் சொல்லப்படும் காரணத்தைச் சோதிக்கவேண்டும். அறிக்கையின் தலைப்பைப் பாருங்கள். ‘ஐஜிஜி’ (ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் பொருள்) என்று இருந்தால் அது ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அந்தப் பொருள் இருப்பது இயல்பு. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008-லேயே இதை ஒவ்வாமை கண்டறியப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டது. பிள்ளை தினமும் சாப்பிட்டதெல்லாம் பட்டியலில் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஒவ்வாமைக்குப் பார்ப்பது ‘ஐஜிஇ’ என்ற இன்னொரு வகை எதிர்ப்புப் பொருளை. அதுவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. சாப்பிட்டபோது என்ன நடந்தது என்ற வரலாற்றோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

ஆனால் மருமகளைத் தவறாக எண்ணாதீர்கள். பிள்ளைக்கு ஏதோ வந்திருக்கிறது, அதனால்தான் அவர் பரிசோதனை நிலையத்துக்கு ஓடியிருக்கிறார். தோல் படையா, வயிற்றுவலியா, இரவு இருமலா? அதை யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? ‘அறிக்கை பொய்’ என்று தொடங்காமல், ‘பிள்ளைக்கு என்னம்மா பார்த்தாய், எப்போது பார்த்தாய்’ என்று தொடங்குங்கள். பிறகு குழந்தை மருத்துவரிடம் சேர்ந்து போங்கள். நிறுத்திய உணவை நீங்களாகத் திருப்பித் தரவேண்டாம், தெரியாமல் கலந்து கொடுக்கவே வேண்டாம். எதை எப்போது எங்கே வைத்துத் தொடங்குவது என்று மருத்துவர் சொல்லட்டும். வளரும் பிள்ளை, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் மெஸ் நடத்துகிறேன். ‘அது அலர்ஜி, இது அலர்ஜி’ என்று இப்போது பலர் கேட்கிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்ட நேரத்தில் நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: உண்மையா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல ஐயா, அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிடுங்கள். உங்களிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டுதான்.

ஒன்று, எது என்று முழுப்பெயரில் கேட்பது. நம் மொழியில் ‘கடலை’ என்றால் ஆளுக்கு ஒன்று. கடலை எண்ணெயில் இருப்பது வேர்க்கடலை, கடலை மாவில் இருப்பது கொண்டைக்கடலை இனம். ஒருமுறை ஓர் உணவகத்தில் ‘இதில் கடலை உண்டா?’ என்று கேட்டேன். ‘இல்லவே இல்லை’ என்றார் பரிமாறியவர், வேர்க்கடலையை நினைத்துக்கொண்டு. அவர் பொய் சொல்லவில்லை. அன்று இரவு முழுக்க நான் அவசரப் பிரிவில் கிடந்தேன். அதிலிருந்து நானும் முழுப்பெயர் சொல்லித்தான் கேட்கிறேன்.

இன்னொன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. ‘ஒன்றும் ஆகாது, சாப்பிடுங்கள்’ என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் ஆபத்தான உபசாரம். உங்கள் சமையலறையில் பஜ்ஜி போட்ட எண்ணெயில்தான் அப்பளமும் பொரிகிறதா? பொரியல் தாளிப்பில் உளுத்தம்பருப்போடு கடலைப்பருப்பும் விழுகிறதா? சட்னி கெட்டியாக வேண்டும் என்று பொட்டுக்கடலை சேர்க்கிறீர்களா? இவற்றை ஒருநாள் மதிய ஓய்வில் சமையல்காரரோடு உட்கார்ந்து ஒரு அட்டையில் எழுதிப் பரிமாறும் இடத்தில் மாட்டிவிட்டால், கூட்ட நேரத்தில் அரை நிமிடம்கூட ஆகாது.

உங்கள் பேட்டையிலேயே ஒரு சின்ன மெஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். பரிமாறியவருக்கு எழுபது வயது இருக்கும். சாம்பாரில் கடலைப்பருப்பு உண்டா என்று கேட்டேன். ‘துவரம்பருப்புதான் அம்மா’ என்று சொல்லிக்கொண்டே கரண்டியைச் சாய்த்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். ‘பொடியில் என்ன போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, இருங்கள்’ என்று உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சாம்பார்ப் பொடி டப்பா, பின்னால் ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி சமையல்காரர். மிளகாய், தனியா, துவரம்பருப்பு என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தவர் நான்காவது விரலில் ‘கடலைப்பருப்பு’ என்றார். பெரியவர் சாம்பார் வாளியை என் இலையிலிருந்து தள்ளி எடுத்துவைத்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே சமையல்காரரிடம் திரும்பி, ‘ரசத்துக்கும் இதே பொடிதானா?’ என்று கேட்டார்.